நாம் பூஜ்யம் போட்டவர்கள்

கோமு,

உன் கடிதம் நேற்று மதியம் கிடைத்தது. பரோடா வீட்டில் தண்ணீர் நன்றாக வருகிறது என்றும், நான் கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய். சந்தோஷம். தேதி போட மறந்துவிட்டாய். தேதி இல்லாத தாளை நான் வகுப்பில் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். மகள் எழுதியது என்பதால் வைத்துக்கொண்டேன். கடைசி வரியில் "சாப்பாட்டுக் கணக்கு சரியாக வந்ததா அம்மா? யாருமே எனக்கு ஒன்றும் சொல்லவில்லை" என்று கேட்டிருக்கிறாய். யாரும் சொல்லாததற்குக் காரணம் நான்தான். நீ ரயில் ஏறும்வரை உன் காதுக்கு எதுவும் போகக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். நீ அழுவதாக இருந்தால் அது பிறந்த வீட்டை விட்டுப் போகிற அழுகையாக மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ மணவறையில் உட்கார்ந்திருந்த நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கூடத்தில் என்ன நடந்தது என்பதை இப்போது சொல்கிறேன். யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று தெரியாமல் ஒரு பெண் குடித்தனம் தொடங்கக் கூடாது.

அப்பா போன பிறகு நம் வீட்டில் நடந்த முதல் நல்ல காரியம் உன் கல்யாணம். நான் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வந்த பிறகு "பாவம், தனியாக என்ன செய்வார்கள்" என்று யாரும் என்னைப் பார்த்துச் சொல்ல நான் இடம் கொடுத்ததில்லை. கல்யாணத்தில் நகை குறைந்தது, பந்தல் சின்னது என்று யார் பேசியிருந்தாலும் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். சிவசு வீட்டுக் கல்யாணத்தில் சோறு போதவில்லை என்று ஒருவர் சொல்லியிருந்தால் அது என்னைச் சேராது, உன் அப்பாவைச் சேரும். தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பாடு போட்ட மனிதர் அவர். அதேபோல, சமைத்ததைக் குழியில் கொட்டுகிற கல்யாணங்களையும் இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதுவும் எனக்கு ஆகாது. குறையவும் கூடாது, கொட்டவும் கூடாது என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "அம்மா, இது ரெண்டு கண்டிஷன். ரெண்டும் சேர்ந்து உண்மையாகணும். கஷ்டமான கல்யாணம்தான்" என்றாய்.

மற்ற ஊர்களில் வீட்டுக்கு இத்தனை பேர் என்று குத்துமதிப்பாகப் போட்டுவிடலாம். நெய்வேலியில் அது நடக்காது. இங்கே ஒருவர் கல்யாணத்துக்கு வருவாரா என்பதை அவருடைய அன்பு பாதிதான் முடிவு செய்யும், மீதியை ஷிப்ட் முடிவு செய்யும். காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்டில் இறங்கியவர் மதியம் இரண்டு மணிவரை முகூர்த்தத்தை நினைக்கவே முடியாது. அவர் மாலை ரிசப்ஷனுக்குத்தான் வருவார். இரண்டாவது ஷிப்ட்காரர் தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டு, அவசரமாக ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிப்பார். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார். வாரா வாரம் ஷிப்ட் சுழலும், ஆனால் எந்த வாரம் யாருக்கு எது என்பது முன்பே தெரிந்துவிடும். இதையெல்லாம் நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோதுதான், "அம்மா, எங்க கம்ப்யூட்டர் சென்டருக்கு வாங்க, ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டுடலாம்" என்று நீ கூப்பிட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். நீ பாடம் நடத்தும் அந்தச் சின்ன அறையில், செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஏதோ பூஜை அறைக்குள் நுழைகிற மாதிரி உள்ளே வந்தேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. ஒரு வரிசைக்கு ஒரு பெயர். பக்கத்துக் கட்டங்களில் ஊர், உறவு, கல்யாணத்தன்று ஷிப்ட். அதற்கடுத்த கட்டத்தில் நீ ஒரு கேள்வியை எழுதினாய். இவர் இரண்டாவது ஷிப்ட் என்றால், அல்லது அன்று வார விடுமுறை என்றால், மதியச் சாப்பாட்டுக்கு ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். அதுதான் 'இஃப்', உள்ளே இருப்பது 'ஆர்' என்றாய். இரவு ஷிப்ட்காரர்களுக்கு நான் ஒரு நிபந்தனை சொன்னேன். அவர் வீடு மந்தாரக்குப்பத்திலேயே இருந்தால் தூங்கி எழுந்து மதியம் வந்துவிடுவார். தள்ளி டவுன்ஷிப் பிளாக்கில் இருந்தால் வர மாட்டார். "அப்போ இரவு ஷிப்ட்டும் உண்மையாகணும், மந்தாரக்குப்பமும் உண்மையாகணும். இதுக்கு 'ஆண்ட்' " என்று அதையும் உள்ளே சொருகினாய். கான்வென்டில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் ஒரு வார்த்தை அதிகமாக எழுதினாலும் சிவப்புக் கோடு போட்டு அடித்துவிடுவார். அவர் இந்த இயந்திரத்தைப் பார்த்திருந்தால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. "அநேகமாக வருவார் என்று எழுத இடம் இல்லையா?" என்று கேட்டேன். "அநேகமான்னு ஒண்ணு இதுக்குக் கிடையாதும்மா. உண்மை, இல்லேன்னா பொய்" என்றாய். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

முதல் தடவை தாளில் எடுத்துக் கொடுத்தபோது என்ன ஆயிற்று என்பது நினைவிருக்கிறதா? தென்காசியிலிருந்து வரும் உன் மாமாவுக்கு நேராகப் பூஜ்யம். உன் அத்தைக்குப் பூஜ்யம். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும், மாப்பிள்ளை உட்பட, பூஜ்யம். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். "கோமு, மாப்பிள்ளை தாலி கட்டிவிட்டுப் பட்டினியாகப் போகவேண்டியதுதானா?" நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வெளியூர்க்காரர்களுக்கு ஷிப்ட் ஏது? அவர்கள் கட்டம் காலி. காலியாக இருப்பது இரண்டாவது ஷிப்ட்டும் இல்லை, விடுமுறையும் இல்லை. ஆகவே அதற்கு இலை இல்லை என்று இயந்திரம் முடிவு செய்துவிட்டது. "கட்டம் காலியாக இருந்தாலும்" என்று இன்னொரு நிபந்தனையைச் சேர்த்த பிறகுதான் மாப்பிள்ளைக்குச் சோறு கிடைத்தது. அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன். அப்பாவோடு சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் வேலை பார்த்த ஆட்கள் அத்தனை பேருக்கும் அந்த வாரம் முதல் ஷிப்ட். மதியம் பூஜ்யம், மாலை ஒன்று. சரியாகத்தான் இருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

பத்திரிகை கொடுக்கப் போனபோதே கலியபெருமாளிடம் நான் இதைச் சொல்லியிருந்தேன். அப்பாவிடம் உதவியாளாகச் சேர்ந்து, பிறகு அவருடைய வலது கை மாதிரி இருந்தவர். மண்டபத்துக்குப் பின் தெருவில்தான் வீடு. "உங்களுக்கு அன்றைக்கு முதல் ஷிப்ட். மாலையில் குடும்பத்தோடு வந்துவிடுங்கள்" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு "பாக்கலாங்க டீச்சரம்மா" என்றார். பாக்கலாங்க என்பதற்கும் உன் ஸ்ப்ரெட்ஷீட்டில் இடம் இல்லை. அதை நான் வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை எல்லாம் ஒழுங்காக நடந்தது. இட்லி நம் எண்ணிக்கைப்படியே போயிற்று. சமையல்காரர் ராமையா தாளை அடுப்பங்கரைத் தூணில் ஒட்டி வைத்துக்கொண்டு, "அம்மா, இந்த மாதிரி எல்லா வீட்டுலயும் எழுதிக் குடுத்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்றார். உன் அத்தைக்கு மட்டும் ஆறவில்லை. அப்பாவின் தங்கை, ஊரிலிருந்து வந்து மூன்று நாளாக என் வீட்டில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். "ஏ மதினி, எங்க ஊர்ல அண்டாவைப் பாத்து அரிசி போடுவோம். இங்க பேப்பரைப் பாத்துல்லா போடுதீங்க" என்றாள். முகூர்த்தம் பதினொன்றரைக்கு மேல். பதினொரு மணிக்கு உன்னை அழைத்துவரப் போகும்போது வாசல் பக்கம் தற்செயலாகப் பார்த்தேன். சைக்கிள்கள் வந்துகொண்டே இருந்தன. வெள்ளைச் சட்டை, ஈரத் தலை, நெற்றியில் விபூதி. கலியபெருமாள், அவருக்குப் பின்னால் முத்து, அவருக்குப் பின்னால் கன்வேயர் பகுதி முழுவதும், மனைவிமார்களோடு.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அடுத்த நொடி தூணில் ஒட்டியிருந்த தாள் ஞாபகம் வந்தது. "கலியபெருமாள், உங்களுக்கு முதல் ஷிப்ட் இல்லையா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் மாதிரி ஒரு சிரிப்பு. "சாரு பொண்ணு கல்யாணத்துக்கு முகூர்த்தத்துல நிக்காம, சாயங்காலம் வந்து கேசரி துன்னுட்டுப் போறதுக்கு நாங்க இன்னா வெளியூர் ஆளுங்களா? எல்லாரும் ஷிப்ட் மாத்திகினோம். போர்மேன்கிட்ட முறையா எழுதிக் குடுத்துட்டுத்தாங்க வந்துகிறோம். ரெண்டு மணிக்கு எறங்கணும். ஒண்ணேகால் பஸ்ஸு." யாரோடு மாற்றிக்கொண்டீர்கள் என்றேன். "அடுத்த செக்‌ஷன்காரங்களோடங்க. நம்ம ஆளுங்களுக்குள்ளயே மாத்திகினா ஒருத்தன் வந்தா இன்னொருத்தன் வர முடியாது பாருங்க. அதான் வெளிய போய்க் கேட்டோம்." யோசித்துப் பார் கோமு. பத்திரிகை வாங்கியவர்களுக்குள்ளேயே மாற்றியிருந்தால் நம் மொத்த எண்ணிக்கை மாறியிருக்காது. ஒருவர்கூட விடுபடக் கூடாது என்று, பத்திரிகை வாங்காத ஆட்களாகத் தேடிப்பிடித்து மாற்றியிருக்கிறார்கள். அவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள்.

நீ மணையில் உட்கார்ந்த பிறகு ராமையா என்னைக் கண்ணால் கூப்பிட்டார். "அம்மா, வெளிய நிக்கிற கூட்டம் பேப்பர்ல இல்லியே. குழம்பை ஒப்பேத்திருவேன். கூட்டு, பொரியல் கொஞ்சம் கொஞ்சமா வச்சிக்கிடலாம். சோறு பத்தாதும்மா. அரிசி கடையில வாங்கிறலாம். ஆனா உலை கொதிச்சு, வெந்து, வடிச்சு எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அடுப்பும் காலி இல்லை." பஸ் ஒன்றேகாலுக்கு. முதல் பந்தி சம்பந்தி வீட்டாருக்கு என்பது முறை. அவர்கள் சாப்பிட்டு எழுந்து, இலை எடுத்து, அடுத்த பந்தி போடும்போது இவர்கள் பஸ் போய்விட்டிருக்கும். போகாமல் இருந்தாலும் சோறு இருக்காது. உன் அத்தை பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "கம்ப்யூட்டர்ல பொங்கின சோறு, கம்ப்யூட்டர்லயே போயி எடுத்துப் போடுங்க" என்றாள். அந்த நேரத்தில் கெட்டிமேளம் கேட்டது. என் மகள் கழுத்தில் தாலி ஏறுவதை நான் அடுப்பங்கரை வாசலிலிருந்து, ஆட்களின் தலைகளுக்கு நடுவே பார்த்தேன். அட்சதையைப் போட்டுவிட்டு உடனே திரும்பிவிட்டேன். நீ என்னைத் தேடியிருப்பாய். அதற்கு இதுதான் காரணம்.

திரும்பி வரும்போது நடைக்கூடத்தில் கலியபெருமாளின் குரல் கேட்டது. சமையல்காரர் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. "டேய், வேட்டி வரிஞ்சு கட்டிகினு பந்தியில குந்தாதீங்கடா. அட்சதை போட்டாச்சில்ல? டீச்சரம்மா கண்ணுல படாம ஒருத்தர் ஒருத்தரா கெளம்புங்க. வூட்டுக்குப் போயி கஞ்சியக் குடிச்சிட்டு பஸ்ஸுக்கு வந்துடுங்க." முத்து, "கல்யாணத்துக்கு வந்துட்டு கஞ்சியா அண்ணே?" என்று கேட்டார். "வாய மூட்றா. சார் வூட்டு மானம்." சோறு போதவில்லை என்று பேசுவார்களோ என்று நான் பயந்த ஆட்கள், பேசாமல் பசியோடு போய்விடத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் நேரே போய் மண்டப வாசலில் நின்றுகொண்டேன். "கலியபெருமாள், யாராவது ஒருவர் சாப்பிடாமல் இந்தப் படி இறங்கினால், இனி உங்கள் யார் வீட்டு விசேஷத்துக்கும் நான் வர மாட்டேன்." பள்ளியில் பேசுகிற குரலில்தான் சொன்னேன் போலிருக்கிறது, எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். "ஐயோ, அப்பிடிலாம் சொல்லாதீங்க" என்றார் அவர். அவர் மனைவி அஞ்சலை அவரை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். "ஏங்க டீச்சரம்மா, கொழம்பு கீதுல்ல?"

"குழம்பு இருக்கிறது அஞ்சலை. சோறுதான் இல்லை."

"சோறா? இதுங்கல்லாம் செகண்ட் ஷிப்ட் போவுதுன்னு ராத்திரி கேரியருக்காக எல்லா வூட்லயும் வடிச்சி வச்சிட்டுத்தான வந்துகிறோம். எங்க வூட்ல ஒரு குண்டான் சூடா கெடக்குது. முத்து வூட்ல கெடக்குது. எடுத்தாந்து கொட்டினா ஆச்சி."

"ராத்திரிக்கு அவர்கள் என்ன சாப்பிடுவார்கள்?"

"சாயங்காலத்துக்கு ரவைய மூட்டையா வச்சிகினு கீறீங்களே. அத்தக் கிளறி கேரியர்ல அடைச்சி அனுப்புங்க. அதுங்க ஷிப்ட்ட மாத்திகிச்சிங்க, நாம சோத்த மாத்திக்குவோம்."

உன் அத்தை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "மதினி, கல்யாண இலையில ஊரார் வீட்டுச் சோறா? ஆளுக்கொரு அரிசி, ஆளுக்கொரு பதம். சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாக? நம்ம குடும்பத்துல இப்படிக் கேள்விப்பட்டதுண்டா?" கேள்விப்பட்டதில்லைதான். உனக்குத் தெரியும், உறைமோர்கூட நான் பக்கத்து வீட்டில் வாங்கியதில்லை. ஒரு நிமிஷம் நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் நீ ஞாயிற்றுக்கிழமை செய்ததைத்தான் நான் செய்தேன். அத்தை சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். அரிசி ஒரே மாதிரி இல்லையென்றால் கல்யாணம் நிற்குமா? நிற்காது. வெளியே சமைத்தது என்றால்? நிற்காது. இதுவரை நம் குடும்பத்தில் நடக்கவில்லை என்றால்? அப்போதும் நிற்காது. சிவசுவின் ஆட்கள் பட்டினியாகச் சுரங்கத்தில் இறங்கினால்? அந்த ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பதில் வேறாக வந்தது. வெளியே போய், "எடுத்து வரச் சொல்லம்மா" என்றேன். அஞ்சலை படியிறங்கி ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும் நீ. பட்டுச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு.

இனி நீ தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம். சோறு வந்துவிடும், ஆனால் பந்தி? உன் மாமனாரிடம் நானே போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் அமையவில்லை. பெண் வீட்டுக்காரி, அதுவும் தனியாள், மாப்பிள்ளை வீட்டாரிடம் போய் நீங்கள் பிறகு சாப்பிடுங்கள் என்று சொல்வதா? இவர்களுக்கு ஒன்றேகாலுக்கு பஸ் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டேன். அவர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "நான் ரயில்வேயில இருந்தவன் சம்பந்தியம்மா. டூட்டிக்குப் போறவன் பசியோட போகக் கூடாது. நமக்கு ராத்திரிதான் ரயில். அவங்களை உக்கார வைங்க, நான் பரிமாறுதேன்." உன் மாமியார் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். உன் மாமனார், "ஏளா, நீ அப்பளம் எடுத்துட்டு வா" என்றார். அவர்களும் வந்தார்கள். அடுத்தமுறை மாமனார் ஏதாவது சொல்லி உனக்கு வருத்தம் வந்தால், இந்தக் காட்சியை நினைத்துக்கொள். நான் நேரில் பார்த்தது.

சைக்கிள் பின்னால் துணியில் கட்டிய குண்டான்கள் வந்து இறங்கின. பொன்னி, ரேஷன் புழுங்கல், நல்ல தடிச்ச அரிசி என்று மூன்று நான்கு விதம். ராமையா, "இதைத் தனியா வச்சு அவங்களுக்கே போட்டுருவோமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். கூடாது என்றேன். எல்லாச் சோறும் எல்லா இலைக்கும் போக வேண்டும், சம்பந்தி வீட்டு இலைக்கும் சேர்த்து. அப்படித்தான் போயிற்று. முதல் பந்தியில் கன்வேயர் ஆட்கள் உட்கார்ந்தார்கள். முத்து தன் இலையைப் பார்த்து, "அண்ணே, இது நம்ம வூட்டு சோறுண்ணே, உப்பில்லாம கீது பாரு" என்றார். மறு வரிசையிலிருந்து அவர் மனைவி, "தெனம் துன்றப்போ தெரியல, சாம்பாரு கண்டதும் தெரியுதோ?" என்றாள். கூடமே சிரித்தது. அடுத்த பந்தியில் உன் மாமனார் அந்தத் தடிச்ச அரிசிச் சோற்றுக்கு ரசம் கேட்டு இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார். ஒரு மணிக்கெல்லாம் ரவா கிச்சடி தயார். கேரியர்களில் அடைத்து, மேலே ஆளுக்கு இரண்டு லட்டு வைத்துக் கொடுத்தோம். பஸ் டிரைவருக்கும் ஒரு பொட்டலம் போயிற்று. பஸ் கிளம்பும்போது கலியபெருமாள் ஜன்னல் வழியாக, "டீச்சரம்மா, பொண்ணுகிட்ட சொல்லிடுங்க, நாங்க தாலி கட்டுறதப் பாத்துட்டோம்" என்று கத்தினார். இதோ சொல்லிவிட்டேன்.

உன் கணக்கில் தவறு இருந்ததாக நினைத்து மனம் வாடாதே. நீ கேட்ட கேள்விக்கு அது சரியான பதிலைத்தான் சொன்னது. முதல் ஷிப்ட்காரர் மதியம் வர முடியாது என்பது உண்மை. அவர் முதல் ஷிப்ட்காரராகவே இருப்பார் என்று நாம் எழுதாமலே எழுதிவிட்டோம், அவ்வளவுதான். அப்படி எழுதியதற்காக எனக்கு வருத்தம்கூட இல்லை. அந்தப் பூஜ்யங்கள் இல்லாவிட்டால், அப்பா போய் இத்தனை காலம் கழித்தும் அவருக்காக ஓர் ஊரே இடம் மாறி நின்றது என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். எல்லோரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள் என்று நினைத்துவிட்டு, மீதிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருப்பேன். இந்த ஊருக்கு நாம் பிழைக்க வந்தவர்கள், வேலை முடிந்தால் கிளம்ப வேண்டியவர்கள் என்று உள்ளூர ஓர் எண்ணம் எனக்கு எப்போதும் இருந்தது. உன் மாமா தென்காசிக்கே வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வர முடியாது என்று போன வாரம் எழுதிவிட்டேன். அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதை அவருக்கு விளக்கவில்லை.

மாலை ரிசப்ஷனில் நீ மேடையில் நின்று களைத்துப்போயிருந்தாய். பின்கட்டில் பெண்கள் குண்டான்களைத் திரும்ப வாங்க வந்திருந்தார்கள். ஆண்கள் எல்லாம் சுரங்கத்தில். கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தோம். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம் இல்லையே, கேசரி போட்டுக் கொடுக்கலாம் என்று கரண்டியோடு உட்கார்ந்தேன். எது யாருடையது என்று பார்க்க, வெட்டியிருக்கும் பெயரைத் தேடி ஒன்றைத் திருப்பினேன். விளிம்பில் 'சிவசு, கன்வேயர்' என்று இருந்தது. நம் வீட்டுப் பாத்திரம் எப்படி இதில் கலந்தது என்று ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். அதிலும் அதே பெயர். அதற்கடுத்ததிலும். அஞ்சலை சிரித்தாள். "எங்க எல்லாரு கல்யாணத்துக்கும் சாரு ஒரே மாதிரி குண்டான்தான குடுத்தாரு, பண்ருட்டியில வாங்கி, பேரு வெட்டி. பெரிய சோறு வடிச்சா இதுலதான் கொட்டுவோம். இப்ப எது யார்துன்னு எப்பிடிச் சொல்றது? எத்தக் குடுத்தாலும் சரிதாங்க."

நான் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். மதியத்திலிருந்து என்னோடு பேசாமல் இருந்த உன் அத்தை, முன்றானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தள்ளுங்க மதினி. எங்க அண்ணன் பேரு போட்ட ஏனம், நான் போடுதேன்" என்று கரண்டியை என் கையிலிருந்து வாங்கினாள். ஒவ்வொரு குண்டானாக எடுத்து, அந்தப் பெயரை ஒருமுறை கட்டைவிரலால் துடைத்துவிட்டு, விளிம்புவரை நிரப்பினாள்.

அம்மா